வீட்டுக்குள் ஆஸ்பெஸ்டாஸ் தூசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய உட்கூரைப் பலகையில் துளையிட்டபோது, தரை ஓடுகளைப் பெயர்த்தபோது, கூரைத் தகடு உடைந்து விழுந்தபோது என்று ஏதோ ஒரு வேலையின் நடுவில்தான் பெரும்பாலான குடும்பங்கள் ஆஸ்பெஸ்டாஸைப் பற்றி முதன்முதலாகக் கவலைப்படத் தொடங்குகின்றன. அந்த நிலையில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகளை, ஏறக்குறைய அவர்கள் கேட்கும் வரிசையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். அது என்ன பொருள், எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் பிறகு பார்க்கலாம். கையில் துடைப்பத்தோடு நிற்பவருக்குத்தான் முதல் பதில்.

தூசி இப்போதுதான் பறந்திருக்கிறது. உடனே என்ன செய்ய வேண்டும்?

துடைப்பத்தைக் கீழே வைத்துவிடுங்கள். மின்விசிறியையும் ஏசியையும் அணைத்துவிட்டு, அந்த அறையில் இருக்கும் எல்லோரையும் வெளியே அனுப்பி, கதவைச் சாத்துங்கள். கதவின் அடியில் இடைவெளி இருந்தால் ஈரத் துண்டு ஒன்றைச் சுருட்டி அடைத்துவிடலாம். வேலை செய்துகொண்டிருந்தவர் அதே செருப்போடும் சட்டையோடும் வீடு முழுவதும் நடக்கக் கூடாது. வாசற்படியிலேயே செருப்பைக் கழற்றி, உடையின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து, உதறாமல் கழற்றி, பாலித்தீன் பையில் போட்டுக் கட்டிவிட்டு, தலையோடு குளித்துவிட வேண்டும்.

அவசரம் இத்தோடு முடிந்தது. மூடிய அறைக்குள் படிந்த தூசி தானாக எழுந்து வந்து யாரையும் தாக்காது. அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க உங்களுக்கு நாட்கணக்கில் அவகாசம் இருக்கிறது. நான் பார்த்த வரையில், முதல் ஒரு மணி நேரத்தில் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் சுத்தம்தான் ஓர் அறையின் பிரச்சினையை வீடு முழுவதற்கும் கொண்டுபோகிறது.

பெருக்குவதில் என்ன தவறு? வாக்குவம் கிளீனரையாவது பயன்படுத்தலாமா?

ஆஸ்பெஸ்டாஸுக்குத் தமிழில் கல்நார் என்று பெயர் வைத்தவர், அந்தப் பொருளைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். கண்ணாடி இழையை ஒடித்தால் அது குறுக்கே முறியும். முறிந்த துண்டின் தடிமன் மாறாது. கல்நாரோ வாழைநாரைப் போல நீளவாக்கில் கிழியும். ஒரு இழை இரண்டாகும், இரண்டு நான்காகும். வெள்ளை ஆஸ்பெஸ்டாஸின் மிகச் சிறிய தனியிழை ஏறத்தாழ 0.02 முதல் 0.03 மைக்ரான் தடிமன்தான் இருக்கும். மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பார்த்தால் அளவு புரியும்.

துடைப்பத்தின் ஒவ்வொரு இழுப்பும் இந்த இழைகளை மீண்டும் காற்றில் ஏற்றுகிறது. கண்ணுக்குத் தெரியும் பருந்தூசி சில நிமிடங்களில் படிந்துவிடும். அதைப் பார்த்து அறை சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறோம். மெல்லிய இழைகளோ அசைவற்ற அறையில்கூடத் தரையிறங்கப் பல மணி நேரம், சில வேளைகளில் நாட்கள்கூட எடுத்துக்கொள்கின்றன. சாதாரண வாக்குவம் கிளீனர் பெரிய துகளைப் பிடித்துக்கொண்டு மெல்லிய இழையைப் பின்பக்கக் காற்றுத் துளை வழியாக வெளியே ஊதிவிடுகிறது. ஹெப்பா வடிகட்டி உள்ள கருவி வேறு, அவ்வடிகட்டி 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பதற்கென்று வரையறுக்கப்பட்டது. ஆனால் கடையில் ‘ஹெப்பா’ என்று எழுதி விற்கப்படும் எல்லா வீட்டுக் கருவிகளிலும் வடிகட்டியைச் சுற்றிக் காற்று கசியாதபடி அடைப்பு இருப்பதில்லை. ஆஸ்பெஸ்டாஸ் வேலைக்கென்றே தயாரிக்கப்பட்ட கருவி மட்டுமே இங்கே பொருந்தும்.

எங்கள் வீட்டில் இருப்பது வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ். அது அவ்வளவு ஆபத்தில்லை என்கிறார்களே?

ஆஸ்பெஸ்டாஸ் என்பது ஒரே கனிமம் அல்ல. இழையாக வளரும் ஆறு சிலிக்கேட் கனிமங்களுக்கான பொதுப்பெயர். அவற்றில் கிரைசோடைல் வெள்ளை, அமோசைட் பழுப்பு, குரோசிடோலைட் நீலம் என்று வழங்கப்படுகின்றன. உலகில் இதுவரை பயன்பட்டதில் மிகப் பெரும் பகுதி வெள்ளைதான். நீலமும் பழுப்பும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயை உண்டாக்குவதில் வெள்ளையைவிடக் கடுமையானவை என்பது உண்மை. அந்த ஒப்பீட்டைத்தான் சிலர் ‘வெள்ளை பாதுகாப்பானது’ என்று திரித்துச் சொல்கிறார்கள். உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, ஆறு வகைகளையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில்தான் வைத்திருக்கிறது. மேலும், பெயரில் இருக்கும் நிறத்தைக் கண்ணால் பார்த்து வகையைச் சொல்ல முடியாது. சிமென்ட்டில் கலந்து வண்ணம் பூசிய பிறகு எல்லாம் சாம்பல்தான்.

வீட்டில் எங்கெல்லாம் இருக்கக்கூடும்?

கூரைத் தகடு எல்லோருக்கும் தெரியும். அதே சிமென்ட் கலவையில் செய்த தட்டைப் பலகைகள், மழைநீர்க் குழாய்கள், புகைபோக்கிக் குழாய்கள், தண்ணீர்த் தொட்டிகள் ஆகியவையும் உண்டு. இவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் பொதுவாக 10 முதல் 15 சதவீதம் இருக்கும். மீதியெல்லாம் சிமென்ட் என்பதால், உடைக்காத வரை இழைகள் இறுகப் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். பழைய வினைல் தரை ஓடுகள், அவற்றின் அடியில் பூசிய கறுப்புத் தார்ப்பசை, புடைப்பு வடிவங்களோடு பூசப்பட்ட உட்கூரைப் பூச்சு, பழைய ஃபியூஸ் பெட்டியின் பின்பலகை, அடுப்புக் கதவுகளைச் சுற்றியுள்ள கயிறு ஆகியவை அடுத்த வரிசை.

உண்மையில் அஞ்ச வேண்டியவை கையால் அழுத்தினாலே பொடியாகும் பொருட்கள்: வெந்நீர்க் குழாய்களின் மேல் சுற்றிய உறை, தெளித்துப் பூசிய வெப்பக்காப்பு, மென்மையான காப்புப் பலகை. தெளிப்புப் பூச்சில் 85 சதவீதம் வரைகூட ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கிறது. வெப்பக்காப்புக்காகக் கூரைக்கடியில் கொட்டி வைக்கும் வெர்மிகுலைட் என்ற கனிமத் துகள்களையும் இங்கே சேர்க்க வேண்டும். அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில் லிபி என்ற ஊரின் சுரங்கம் 1990இல் மூடப்படும் வரை அனுப்பிய வெர்மிகுலைட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இயற்கையாகவே கலந்திருந்தது.

பார்த்தே கண்டுபிடிக்க முடியாதா?

முடியாது. ஆஸ்பெஸ்டாஸ் உள்ள சிமென்ட் பலகையும் செல்லுலோஸ் இழை கலந்த புதிய பலகையும் அனுபவசாலியைக்கூட ஏமாற்றிவிடும். கட்டிய ஆண்டு ஒரு குறிப்பு மட்டுமே. பிரிட்டனில் 1999இலும் ஆஸ்திரேலியாவில் 2003இன் இறுதியிலும் முழுத் தடை வந்தது. பல நாடுகளில் இன்றும் தடையில்லை. தடை வந்த இடங்களிலும் கிடங்கில் இருந்த சரக்கும், இன்னொரு வீட்டிலிருந்து பெயர்த்து வந்த தகடும் அதன் பிறகு பொருத்தப்பட்டிருக்கலாம். ஆகவே பொருளின் சிறு துண்டை ஆய்வகத்தில் தளவிளைவு ஒளி (ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளி) நுண்ணோக்கியின் கீழ் பார்ப்பதுதான் வழி. மாதிரி எடுக்கும் வேலையே தூசியைக் கிளப்பும் என்பதால், பயிற்சி பெற்றவரை அழைப்பது நல்லது. ஏற்கெனவே உடைந்து கிடக்கும் துண்டு இருந்தால், அதை ஈரப்படுத்தி இரண்டு பைகளுக்குள் போட்டு அனுப்பினால் போதும். புதிதாக உடைக்க வேண்டியதில்லை.

காற்றைப் பரிசோதித்ததில் ‘எதுவும் இல்லை’ என்று அறிக்கை வந்தது. நிம்மதியாக இருக்கலாமா?

அந்த அறிக்கையை எப்போது, எப்படி எடுத்தார்கள் என்று கேட்காமல் நிம்மதி அடையாதீர்கள். பூட்டிய வீட்டில், யாரும் நடமாடாமல், விசிறி சுழலாமல் இருக்கும்போது காற்றை உறிஞ்சிப் பார்த்தால், மிக மாசடைந்த வீடும் நல்ல பிள்ளையாகத்தான் தெரியும். இழைகள் இருப்பது அலமாரியின் மேலும் திரைச்சீலையின் மடிப்பிலும். அவற்றைக் கலைத்துவிட்டு, அதாவது சுத்தம் முடிந்த அறையில் பரப்புகளைத் தட்டியோ காற்றை வீசியோ தூசியை வேண்டுமென்றே கிளப்பி, அதன் பிறகு எடுக்கும் மாதிரிதான் அன்றாட வாழ்க்கையைப் பற்றி ஏதாவது சொல்லும்.

இரண்டாவது கேள்வி, எந்த நுண்ணோக்கி என்பது. வழக்கமான ஒளி நுண்ணோக்கி முறையில், 5 மைக்ரானுக்கு மேல் நீளமும், 3 மைக்ரானுக்குள் தடிமனும், தடிமனைப்போல் மூன்று மடங்குக்கு மேல் நீளமும் கொண்ட எல்லா இழைகளையும் எண்ணுகிறார்கள். அது துணி இழையா, கண்ணாடி இழையா, ஆஸ்பெஸ்டாஸா என்று அந்த முறை பிரித்துச் சொல்லாது. மிக மெல்லிய இழைகள் அதற்குத் தெரியவும் தெரியாது. ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி இரண்டையும் செய்யும், செலவும் அதற்கேற்ப அதிகம். சுத்தப்படுத்திய இடத்தை மறுபடி பயன்படுத்த அனுமதிப்பதற்கு பிரிட்டனில் வைத்திருக்கும் அளவுகோல் ஒரு மில்லிலிட்டர் காற்றில் 0.01 இழை. இது ஒளி நுண்ணோக்கியின் அளவுகோல். சுத்தம் சரியாக நடந்ததா என்று காட்டும் குறியீடே தவிர, அதற்குக் கீழே இருந்தால் தீங்கே இல்லை என்ற உத்தரவாதம் அல்ல.

காற்றோடு சேர்த்து, படிந்த தூசியையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மாசு எந்த அறை வரை போயிருக்கிறது என்பதற்கு அதுவே தெளிவான சாட்சி.

ஒரு நாள் முழுவதும் அந்தத் தூசியைச் சுவாசித்துவிட்டோம். நோய் வந்துவிடுமா?

வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் நோய்கள் எல்லாமே வாழ்நாளில் உள்ளே போன மொத்த அளவைப் பொறுத்தவை. நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும் ஆஸ்பெஸ்டோசிஸ், ஆண்டுக்கணக்கில் ஆலையிலோ சுரங்கத்திலோ அடர்ந்த தூசியில் உழைத்தவர்களுக்கு வருவது. ஒரு நாள் வேலையால் வராது. நுரையீரல் புற்றுநோயின் வாய்ப்பும் அளவோடு கூடுகிறது. புகைபிடிப்பவருக்கு இரண்டும் சேரும்போது, தனித்தனி அபாயங்களைக் கூட்டினால் வருவதைவிட அதிகமாகிறது. எனவே இந்தச் சம்பவத்துக்குப் பிறகு உடலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தவிப்பவர் புகைபிடிப்பவராக இருந்தால், செய்யக்கூடிய காரியம் கையிலேயே இருக்கிறது.

மீசோதீலியோமா மட்டும் சற்று வேறுபட்டது. நுரையீரல் உறையிலோ வயிற்று உறையிலோ தோன்றும் இந்தப் புற்றுநோய், குறைந்த அளவுத் தொடர்புக்குப் பிறகும் வந்திருக்கிறது. இதற்குக் கீழே அபாயமே இல்லை என்று கோடு கிழிக்க எவராலும் முடியவில்லை. தொடர்புக்கும் நோய்க்கும் இடையே பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள் ஆகின்றன. குழந்தைகளைப் பற்றிக் கூடுதல் கவனம் சொல்லப்படுவது இதனால்தான்: அவர்களுக்கு முன்னால் இருக்கும் ஆண்டுகள் அதிகம். ஆனாலும் அரிதான ஒரு நோயின் மிகச் சிறிய கூடுதல் வாய்ப்பைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். நடந்துவிட்ட ஒரு நாளைவிட, படிந்த தூசியோடு தொடர்ந்து வாழப்போகும் ஆயிரம் நாட்கள்தான் கணக்கில் பெரியவை.

எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாமா?

இப்போது எடுத்தால் எதுவும் தெரியாது. உள்ளே போன இழைகளை எக்ஸ்ரே காட்டாது. அவை பல ஆண்டுகளில் உண்டாக்கும் மாற்றத்தைத்தான் காட்டும். நடந்த தேதி, செய்த வேலை, எவ்வளவு நேரம் என்பவற்றை மருத்துவக் குறிப்பில் பதிந்து வைக்கும்படி உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது போதும்.

வீட்டுப் பொருட்களில் எதைக் காப்பாற்றலாம்?

வழவழப்பாகவும் கடினமாகவும் இருப்பவற்றை அநேகமாக எல்லாவற்றையும் காப்பாற்றலாம்: பாத்திரங்கள், கண்ணாடி, உலோகம், வண்ணமோ மெருகோ பூசிய மரம். நாராகவும் பஞ்சாகவும் இருப்பவற்றில்தான் சங்கடம். கம்பளத்தின் அடியில் இறங்கிய இழையை எந்தக் கருவியாலும் முழுமையாக எடுத்துவிட்டதாக உறுதி சொல்ல முடியாது; மெத்தை, சோபா, துணிப்பொம்மை ஆகியவற்றுக்கும் அதே நிலைதான். நேரடியாகத் தூசி விழுந்த அறையில் இருந்தவற்றை விட்டுவிடுவதே நல்லது. துணிகளை வீட்டுச் சலவை இயந்திரத்தில் போட்டால் இழை மற்ற துணிகளுக்கும் இயந்திரத்துக்கும் பரவும்.

பூட்டிய கண்ணாடி அலமாரியில் இருந்த புத்தகங்களும் புகைப்படத் தொகுப்புகளும் பெரும்பாலும் தப்பிவிடும். திறந்த அடுக்கில் இருந்த புத்தகங்களின் மேல்விளிம்பில்தான் தூசி படிந்திருக்கும். அட்டையை மூடியபடியே இறுகப் பிடித்துக்கொண்டு, ஹெப்பா கருவியால் அந்த விளிம்பை உறிஞ்சி, பிறகு லேசான ஈரத்துணியால் ஒற்றி எடுக்கலாம். மாசு கடுமையாக இருந்த இடத்தில் இதுவும் செல்லாது. மூட்டை கட்டி வெளியே வைத்துவிட்ட ஒரு பொம்மைக்காகக் குழந்தை அழும்போது, ‘ஒன்றே ஒன்றுதானே’ என்று திரும்ப எடுத்து வந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் எடுக்கக் கூடாது.

துடைக்கும் முறையில்தான் வேலையின் தரம் இருக்கிறது. தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, துணியைச் சொட்டாத அளவுக்குப் பிழிந்து, நான்காக மடித்துக்கொள்ள வேண்டும். ஒரு திசையில் ஒரே ஒரு முறை துடைத்துவிட்டு, அழுக்கான பக்கத்தை உள்ளே மடித்துப் புதிய பக்கத்தால் அடுத்த வரியைத் துடைக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் எடுத்ததையே திரும்பப் பூசுகிறோம். எல்லாப் பக்கமும் தீர்ந்தபின் துணியை வாளியில் அலசாமல் கழிவுப் பையில் போட்டுவிட வேண்டும். முடிந்ததும் விளக்கை அணைத்து, டார்ச் ஒளியைப் பரப்பின் மேல் படுக்கையாகச் சாய்த்துப் பாருங்கள். மேலிருந்து பார்த்தபோது பளிச்சென்று இருந்த பலகையில் தூசி வரிகள் தெரியும்.

இதையெல்லாம் நாங்களே செய்துகொள்ளலாமா?

சிமென்ட் தகட்டின் ஒரு மூலை உடைந்து சில துண்டுகள் விழுந்திருந்தால், நீர் தெளித்து, துண்டுகளைப் பொறுக்கி, ஈரத்துணியால் துடைத்து முடித்துவிடலாம். பி100 அல்லது எஃப்எஃப்பி3 தரத்து முகமூடி வேண்டும்; அறுவை சிகிச்சை முகமூடியும் கைக்குட்டையும் பயன்படாது. தாடி இருந்தால் நல்ல முகமூடியும் முகத்தோடு ஒட்டாது. எந்த வேலையை வீட்டுக்காரர் செய்யலாம் என்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் மாறுவதால், உள்ளூர் விதியை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொடியாகும் வகை என்றாலோ, மின்ரம்பத்தால் அறுத்த தூசி ஓர் அறைக்கு மேல் பரவியிருந்தாலோ, அது உரிமம் பெற்றவர்களின் வேலை. அவர்கள் பாலித்தீன் விரிப்பால் அறையைத் தனிமைப்படுத்துவார்கள். உள்ளே இருக்கும் காற்றை ஹெப்பா வழியாக வெளியே இழுத்து, எந்த இடுக்கு வழியாகவும் காற்று உள்நோக்கியே பாயும்படி அழுத்தத்தைக் குறைத்து வைப்பார்கள். உடை மாற்றிக் குளித்துவிட்டு வெளியே வர இடைஅறைகள் அமைப்பார்கள். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: சுத்தம் செய்த நிறுவனமே ‘சுத்தமாகிவிட்டது’ என்று சான்றும் தரக் கூடாது. இறுதிப் பரிசோதனை செய்பவரை நீங்களே தனியாக அமர்த்திப் பணம் கொடுங்கள்.

உடையாத கூரைத் தகட்டையும் எடுத்துவிட வேண்டுமா?

அவசியமில்லை. நல்ல நிலையில் உள்ள தகட்டை அகற்றும்போது கிளம்பும் தூசி, அது அப்படியே இருந்திருந்தால் தந்திருக்கும் தூசியைவிட அதிகமாக இருக்கலாம். வெயிலும் மழையும் சிமென்ட்டை அரித்து மேற்பரப்பில் இழை தலைகாட்டத் தொடங்கியிருந்தால், மேலே பூச்சு அடிப்பதா, மாற்றுவதா என்று முடிவு செய்யலாம். பூச்சுக்கு முன் பாசியைச் சுரண்டுவதும் அழுத்த நீரைப் பீய்ச்சுவதும்தான் பெருந்தவறு. ஒரே பிற்பகலில் கூரையின் மேல்தோல் முழுவதும் சுவரிலும் தோட்டத்திலும் பக்கத்து வீட்டிலும் போய் ஒட்டிவிடும். கூரை ஓரத்து மழைநீர் வாய்க்காலில் சேரும் வண்டலை ஈரமாக இருக்கும்போதே அள்ளுங்கள். கூரை மேல் மட்டும் ஏறாதீர்கள்: பழைய தகடு ஆள் எடையைத் தாங்காது, விழுந்தால் அன்றே உயிர் போகும்.

எவ்வளவு சுத்தம் செய்தாலும் தீராத வீடு உண்டா?

உண்டு. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் 1968 முதல் 1979 வரை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் கூரைவெளியில் வெப்பக்காப்புக்காகத் தூய ஆஸ்பெஸ்டாஸ் பஞ்சைக் குழாய் மூலம் ஊதி நிரப்பினார்கள். 1988 முதல் 1993 வரை அரசு செலவிலேயே அவை அகற்றப்பட்டன. வீடுகளுக்குச் சான்றும் வழங்கப்பட்டது. சுவர்களின் உட்குழியில் இறங்கியிருந்த மிச்சம் வெளிவந்து, வசிக்கும் அறைகளிலும் இழைகள் கண்டெடுக்கப்பட்ட பிறகு, 2014இல் அந்த வீடுகளை அரசே வாங்கி இடித்துவிடுவது என்று முடிவானது. உங்கள் வீட்டில் உடைந்தது சிமென்ட் தகடு என்றால் இந்தக் கதை உங்களுடையது அல்ல. கூரைவெளியில் பஞ்சாகவோ துகளாகவோ ஏதேனும் கொட்டிக் கிடந்தால் மட்டும், சோதிக்காமல் அங்கே ஏறவே வேண்டாம்.

கழிவை எங்கே போடுவது?

ஈரப்படுத்தி, தடித்த பாலித்தீனில் இரண்டு சுற்று சுற்றி, நாடாவால் ஒட்டி, உள்ளே இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் என்று மேலே எழுதி, அதற்கென அனுமதிக்கப்பட்ட இடத்தில் சேர்க்க வேண்டும். எரித்தால் அழியாது, தீயில் சிமென்ட் தகடு வெடித்துச் சிதறும். தோட்டத்தில் புதைத்தால் அடுத்த தலைமுறையின் மண்வெட்டி அதைத் தேடி எடுக்கும்.

வீட்டில் ஆஸ்பெஸ்டாஸே இல்லை. ஆனால் குடும்பத்தில் ஒருவர் பழைய கட்டிடங்களை இடிக்கும் வேலைக்குப் போகிறார். கவலைப்பட வேண்டுமா?

ஆம். 1965இல் லண்டனில் வெளியான ஆய்வு ஒன்றில், மீசோதீலியோமா கண்டவர்களில் சிலர் எந்த ஆலையிலும் வேலை செய்யாதவர்கள்; ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளிகளோடு ஒரே வீட்டில் வாழ்ந்து, அவர்கள் வேலை உடைகளைத் துவைத்தவர்கள். வேலை உடையை வேலையிடத்திலேயே விட்டுவிட்டு, அங்கேயே குளித்துவிட்டு வருவதுதான் சரி. அந்த வசதியைச் செய்து தருவது முதலாளியின் பொறுப்பு.

எல்லாம் முடிந்துவிட்டது. இனி மறந்துவிடலாமா?

நீங்கள் மறக்கலாம், வீடு மறக்கக் கூடாது. எது எங்கே இருந்தது, எதை எடுத்தோம், எதை அப்படியே விட்டிருக்கிறோம் என்று ஒரு தாளில் வரைந்து, ஆய்வக அறிக்கையோடு சேர்த்து வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். எடுக்காமல் விட்ட பலகைகள் எவை என்பதை மட்டும் சிறு சீட்டில் எழுதி மின்பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை துளைபோடும் கருவியோடு வருபவர் முதலில் திறப்பது அந்தக் கதவைத்தான்.